பெயரை வெட்டினால் நல்ல விலை

என் மனைவியின் பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு அடியில், ஒரு காகிதம் நெடுங்காலமாக இருந்துவந்தது. கோடு போட்ட பள்ளிக்கூடத் தாளில் பாதி. அதில் நீல மையில் இரண்டு வரிகள். மேல்வரி ‘அன்புத் தங்கை’ என்று தொடங்கி அவள் பெயரில் முடியும். கீழ்வரியில் ஒரு கையெழுத்து. நாடகம் பார்த்து வளர்ந்த தலைமுறையில் எவரும் அதைக் கண்டவுடன் இன்னாருடையது என்று சொல்லிவிடுவார்கள். அந்த நடிகரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அரச வேடத்தில் அவர் மேடைக்கு வந்து நின்றால், வசனம் தொடங்கும் முன்பே கொட்டகை அடங்கிவிடும் என்பார்கள். அவ்வளவு சொன்னால் போதும்.

நாடகத்தை நான் இழிவாக நினைத்தவனல்லன். கையெழுத்துக்காக முண்டியடிப்பதைத்தான் கௌரவக் குறைவு என்று கருதினேன். இன்றும் அப்படியே கருதுகிறேன். ஆயினும் அந்தத் தாள் முண்டியடித்துப் பெற்றதன்று என்பதைத் திருமணமான புதிதிலேயே அவள் எனக்குத் தெளிவுபடுத்திவிட்டாள். பெரம்பலூரில் கொட்டகை போட்டுப் பல நாள் நாடகம் நடந்தபோது, கம்பெனிக்கு மளிகைச் சாமான் கொடுத்தவர் என் மாமனார். அந்த உரிமையில் அவளும் அவள் தம்பியும் திரைக்குப் பின்னால் போயிருக்கிறார்கள். பாதி அரிதாரம் கலைத்த முகத்தோடு அமர்ந்திருந்த நடிகர், “உம் பேரு என்ன தங்கச்சி?” என்று கேட்டு, அவள் சொன்னதை எழுத்துப் பிசகாமல் எழுதிக் கொடுத்திருக்கிறார். அடுத்துத் தம்பி நாடக நோட்டீஸை நீட்டியபோது யாரோ அவரை அழைத்துவிட்டார்கள். நின்றவாக்கில் கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டுப் போய்விட்டார். பையனின் பெயரைக் கேட்கவில்லை.

அந்தத் தம்பி, என் மைத்துனர், இன்று செட்டிகுளத்தில் சின்ன வெங்காய மண்டி வைத்திருக்கிறார். பேரன் பேத்தி எடுத்த பிறகும் அந்தக் குறை அவரைவிட்டுப் போகவில்லை. “எங்கக்காவுக்கு மட்டும் பேரு, தங்கச்சின்னு ஒறவு, எல்லாம் உண்டு. எனக்கு வெறும் கிறுக்கல்” என்று எந்த விசேஷத்துக்கு வந்தாலும் ஒருமுறை சொல்லிவிடுவார்.

நடிகர் காலமாகிச் சில மாதங்கள் கழிந்திருக்கும். ஒருநாள் காலை, வெங்காய மூட்டையோடு மைத்துனர் அரியலூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். மூட்டையை இறக்கி வைப்பதற்குள்ளாகவே பேச்சைத் தொடங்கிவிட்டார்.

“அக்கா, அந்தக் கடுதாசி பத்திரமா இருக்குல்ல?”

“எந்தக் கடுதாசி?”

“அதான், ஒங்கண்ணன் குடுத்தது. இப்ப அவரு கையெழுத்துக்கு மார்க்கெட்டு ஏறியிருக்கு. பெரம்பலூர்ல கல்யாண மண்டபத்துல பழைய காசு, ஸ்டாம்பு எல்லாம் வச்சு கண்காட்சி போடுறாங்க. திருச்சியிலேருந்து ஒரு ஆளு வராரு. கையெழுத்தெல்லாம் வாங்குறாராம்.”

“மாப்பிள்ளை,” என்றேன் நான், “இந்த வீட்டில் எதையும் விற்கிற நிலைமை இன்னும் வரவில்லை.”

“ஐயய்ய, நான் அப்படிச் சொல்லுவேனா மாமா? வெலை தெரிஞ்சுக்கிட்டா என்ன தப்பு? வெங்காயம் விக்கிறதா இல்லாட்டியும் காலையில ரேட்டு கேக்குறோம்ல?”

கல்லூரியில் வணிகவியல் கற்பித்தவனிடம் இதைச் சொல்லலாமா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் என் மனைவி அடுக்களை வாசலில் வந்து நின்றுகொண்டு, “வித்தா ஒரு வெளக்கு வாங்க வருமாடா?” என்று கேட்டாள்.

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

விளக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்திருந்தார்கள். முந்திய திருப்பணியின்போது நான் தரைக்குக் கல் பதித்துக் கொடுத்தேன். என் பெயரும் பட்டமும் பொறித்த பலகை இப்போதும் அங்கே இருக்கிறது. இந்த முறை கருவறை முன்னால் தொங்கவிட ஒரு சங்கிலி விளக்கு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதை வாங்கித் தந்துவிடுகிறேன் என்று நான் சொன்னபோது அவள் பதில் சொல்லவில்லை. வழக்கம்போல இசைவு என்று எடுத்துக்கொண்டேன். மைத்துனர் எதிரில்தான் விஷயம் வெளிவந்தது.

“நீங்க வாங்குனா ஒங்க பேருதான் வெட்டுவாங்க,” என்றாள். “அது மொறதான், தப்பில்ல. எனக்கு ஒரே ஒரு சாமான்ல எம்பேரு வெட்டிப் பாக்கணும். அதுக்கு எங்கிட்ட எனக்குன்னு இருக்குறது அந்தக் கடுதாசிதான்.”

பாத்திரத்தில் பெயர் வெட்டாத வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. விசேஷத்துக்கு இரவல் போன குண்டானும் தாம்பாளமும் உரிய வீடு திரும்புவது அந்த எழுத்துகளைக் கொண்டுதான். எங்கள் வீட்டுப் பரணில் இருப்பவற்றை மனத்தில் ஓட்டிப் பார்த்தேன். அவள் தாய்வீட்டிலிருந்து வந்தவற்றில் என் மாமனாரின் பெயர். பிறகு வாங்கியவற்றில் என் பெயர். பேரன் பிறந்தபோது வாங்கிய வெள்ளிக் கிண்ணத்தில் பேரன் பெயர். அவள் தேய்த்துத் துலக்கிய சாமான்களில் அவள் பெயர் எதிலும் இல்லை. இதை ஒரு புகாராக அவள் சொல்லவில்லை. சின்ன ஆசையைச் சொல்லும் கூச்சத்தோடுதான் சொன்னாள். ஆகவே நான் மறுக்கவில்லை. பெரம்பலூர்தானே, நம்மைத் தெரிந்தவர்கள் அதிகம் இருக்கமாட்டார்கள் என்றும் ஓர் எண்ணம்.

அந்த எண்ணம் மண்டப வாசலிலேயே பொய்த்தது. என்னிடம் படித்து இப்போது வங்கியில் இருக்கும் ஒருவர் ஓடிவந்து, “சார், நீங்க எங்க சார் இங்க? எதுவும் விக்கவா?” என்றார்.

“பார்வையிட,” என்றேன்.

உள்ளே, மணமக்கள் அமரும் மேடையில் அஞ்சல்தலைச் சட்டங்களை நிறுத்தியிருந்தார்கள். பந்தி மேசைகளில் பழைய காசுகள், மரப்படிகள், பித்தளைச் சாமான்கள். திருச்சிக்காரரின் மேசை ஓரமாக இருந்தது. மேசையின் ஒரு பாதியில் கையெழுத்துகளைக் கண்ணாடித் தாள் உறைகளில் வரிசையாக வைத்திருந்தார். மறுபாதியில் பழைய விளக்குகள். மைத்துனர் தேநீர் வாங்கிவருவதாகப் போய்விட்டார். நான் சற்றுத் தள்ளி, தூணோரம் கிடந்த நாற்காலியில் அமர்ந்தேன். விற்பவன் என்ற தோற்றம் வராத தூரம். ஆனால் பேச்சு காதில் விழும்.

என் மனைவி கைப்பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தாள். அந்த மனிதர் அதை விளக்கொளிக்கு உயர்த்திப் பார்த்தார். உருப்பெருக்கியால் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

“அசல்தாம்மா. சந்தேகமே இல்ல,” என்றார். “அவரு பேருல நெறய போலி வருது. கம்பெனி ஆளுங்களே போட்டுக் குடுத்தது இருக்கு. இது அவரு கைதான். இந்தக் கடைசிச் சுழிய வேற யாராலயும் போட முடியாது.”

அவள் முதுகு நிமிர்ந்ததை நான் நாற்காலியிலிருந்து கண்டேன்.

“இதுக்கு என்ன தருவீங்க?”

“ஒங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க.”

அவள் முன்பே பார்த்துவைத்திருக்க வேண்டும். விளக்குகளுக்குள் கைவிட்டு, சங்கிலி கோத்த ஒன்றைத் தூக்கினாள். உச்சியில் அன்னம் அமர்ந்த விளக்கு. கனமானது, பழைய வார்ப்பு. எனக்கும் அது பிடித்திருந்தது.

திருச்சிக்காரர் தாளையும் விளக்கையும் மாறிமாறிப் பார்த்தார். எதை எதற்கு ஈடாக வைப்பது என்று அவர் கணக்கிட்டதை நான் மனத்துக்குள் பாராட்டினேன். பிறகு சொன்னார்: “பேர வெட்டிட்டா, இதுக்கு அது சரியாப் போயிடும்மா.”

“வெட்டிருங்க,” என்றாள் அவள் உடனே. “அதுக்குத்தானே வந்திருக்கேன்.”

“நல்லதும்மா. சிலபேரு சங்கடப்படுவாங்க. அதான் கேட்டுக்கிட்டேன்.”

“இதுல என்னங்க சங்கடம்? பளிச்சுன்னு தெரியணும். அவ்வளவுதான்.”

“கையெழுத்துதானே? அது தனியா பளிச்சுன்னு நிக்கும், கவலையே படாதீங்க. ஒரு சின்னச் சேதாரம் வராது.”

“கோணலா மட்டும் போயிடக்கூடாது.”

“ஸ்கேல் வச்சுத்தாம்மா வெட்டுவேன்!”

நான் இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டதோடு, ஒருவிதத்தில் ஒப்புக்கொண்டும் இருந்தேன். யாருக்கு எழுதியது என்ற பெயர் உள்ள கையெழுத்துக்குச் சந்தையில் விலை குறைவாகவே இருக்கும் என்பதைப் பாடம் நடத்தியவன் மூளை எளிதாக விளங்கிக்கொண்டது. வாங்குகிறவர் தம் கூடத்துச் சுவரில் மாட்டுவார். ஊர் தெரியாத ஒரு பெண்ணின் பெயரை அங்கே எதற்கு மாட்ட வேண்டும்? பெயரை நீக்கினால் கையெழுத்து எல்லாருக்கும் பொதுவாகிவிடுகிறது, விலையும் ஏறுகிறது. அவள் தெரிந்தே இசைந்திருக்கிறாள், அவளுடைய பொருள், அவளுடைய முடிவு என்று இருந்தேன்.

அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். கைகளைக் கோத்துக்கொண்டு, தலையைச் சற்றே சாய்த்து, அவள் பார்த்துக்கொண்டிருந்தது தாளையன்று, விளக்கை. பாத்திரக் கடையில், பேர் வெட்டுகிறவர் உளியை எடுக்கும்போது பெண்கள் நிற்பார்களே, அந்த நிற்பு. உதட்டில் சிரிப்பு.

திருச்சிக்காரர் விளக்கின் பக்கமே போகவில்லை. இரும்பு ஸ்கேலைத் தாளின் மேல், இரண்டு வரிகளுக்கும் இடையில் வைத்து அழுத்தினார். மற்றொரு கையில் பிளேடு.

“இந்தா!” என்றேன்.

நான் அவளை அழைக்கும் முறை அதுதான். பிறரிடம் சொல்லும்போது ‘வீட்டில்’ என்பேன். பெயர் சொல்லி அழைப்பது எங்கள் வீட்டு வழக்கமன்று. அவளும் என் பெயரைச் சொன்னதில்லை. அதில் குறைவாக எதையும் இருவரும் உணர்ந்ததுமில்லை. ஆனால் கூட்டம் நிறைந்த மண்டபத்தில் ‘இந்தா’ என்பது எவருக்கும் உரியதாக இல்லாமல் போயிற்று. இரண்டு பெண்கள் திரும்பினார்கள். என் மனைவி திரும்பவில்லை. பிளேடு தாளைத் தொட்டுவிட்டது.

நான் எழுந்து நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

கடைசி வரிசை மாணவனையும் எட்டும் குரல் இன்னும் என்னிடம் இருக்கிறது என்று அப்போது தெரிந்தது. மண்டபமே நின்றது. திருச்சிக்காரர் கையைத் தூக்கிவிட்டார். வங்கிக்காரர் மேடையருகிலிருந்து எட்டிப் பார்த்தார். என் மனைவி திரும்பியபோது முதலில் தன்னை அழைத்தது யார் என்று தேடினாள். நான்தான் என்று கண்டதும் அவள் கை தானாகச் சேலைத் தலைப்புக்குப் போயிற்று.

நான் மேசைக்குச் சென்றேன். “அவர் வெட்டப்போவது விளக்கில் அல்ல,” என்றேன். “தாளில்.”

அவள் ஸ்கேலைப் பார்த்தாள். பிளேடைப் பார்த்தாள். ‘அன்புத் தங்கை’க்குக் கீழே, தாளின் விளிம்பில், மயிரிழை போல ஒரு கீறல் விழுந்திருந்தது.

“வெட்டிடறேன்னா… எடுத்துடறதா?” என்றாள்.

“ஆமாம்மா. நீங்க வேற என்ன நெனச்சீங்க?”

“விளக்குல எம்பேர வெட்டித் தரேன்னு சொல்றீங்கன்னு…” சிரித்துவிட்டாள். சிரிக்கும்போதே கண் கலங்கிற்று. அந்த மனிதருக்கும் வருத்தம்தான். பிளேடை உறையில் போட்டார்.

“தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. வாங்குறவங்க வெறும் கையெழுத்துதான் கேக்குறாங்க. பேரோடன்னா இந்த வெளக்குக்குக் கட்டாது. வேணும்னா அந்தச் சின்னக் காமாட்சி விளக்கு எடுத்துக்குங்க.”

“நான் மீதியைக் கொடுத்துவிடுகிறேன்,” என்றேன் நான்.

“வேண்டாங்க,” என்றாள் அவள் என்னிடம். பிறகு அவரிடம், “பேரோடவே குடுக்குறேன்னு வச்சுக்குங்க. வாங்குறவரு அப்புறம் வெட்ட மாட்டாரே?”

“அது எங்கையில இல்லம்மா.”

அவள் தாளை வாங்கி, கீறல் விழுந்த இடத்தை விரலால் தடவினாள். கைப்பையில் வைத்தாள். விளக்கைச் சங்கிலி சிக்காமல் பழைய இடத்திலேயே வைத்தாள். அதை அவள் வைத்த பதனம் எனக்கு வலித்தது. இவ்வளவு சொல்வதே எனக்கு அதிகம்.

இந்தச் சமயத்தில் தேநீர்க் குவளைகளோடு மைத்துனர் வந்து சேர்ந்தார். “என்னக்கா, மாமா ஒம்பேரச் சொல்லிக் கூப்புட்டாராமே? வெளியில டீக்கடை வரைக்கும் கேட்டுச்சு. நெலநடுக்கமோன்னு பாத்தேன்.”

நடந்ததை அவள் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே தேநீரை ஊதி ஊதிக் குடித்தார். குடித்து முடித்ததும் சட்டைப் பையிலிருந்து நான்காய் மடித்த ஒரு நோட்டீஸை எடுத்து மேசையில் விரித்தார். மஞ்சள் ஏறிய தாள். குறுக்கே, அவசரமாக, வெறும் கையெழுத்து.

திருச்சிக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். “நாடக நோட்டீஸ்லயே போட்டதா! பேரே இல்லாம! ஐயா, இது கெடைக்கிறதில்லைங்க.”

“கேட்டியாக்கா?” மைத்துனர் மார்பைத் தட்டினார். “எம்பேர கேக்காம போனாரு பாரு, அதுக்குத்தான் இன்னிக்கி ரேட்டு. வாழ்க்கையில மொதமொறயா ஒன்ன ஜெயிச்சிருக்கேன்.”

“ஜெயிச்சுக்கடா. நீயே வச்சுக்க.”

“வச்சுக்கிட்டு? வெங்காயத்துக்குப் பக்கத்துல மாட்டவா?” அவர் நோட்டீஸைத் திருச்சிக்காரரிடம் தள்ளினார். “அந்த அன்னம் வச்ச விளக்க எடுங்க. கூட ஏதாச்சும் நான் தரணுமா, நீங்க தரணுமா?”

“நான்தாங்க தரணும்.”

“அப்படின்னா அந்தக் காமாட்சியும் எடுங்க. எம்பொண்டாட்டிக்கு.”

“டேய், ஒன்னோடதுடா அது. எத்தன வருசமா வச்சிருக்க,” என்று என் மனைவி அவர் கையைப் பிடித்தாள்.

“அக்காவுக்குச் சீர் செய்யிறேன். மாமா, சீர வேண்டாம்னு சொல்லலாமா? நீங்களே சொல்லுங்க.”

வேண்டாமென்று சொல்லக்கூடாது என்றேன். பிறந்த வீட்டுச் சீர் பெண்ணின் உரிமை. அதில் கணவனின் காசும் இல்லை, பெயரும் இல்லை. அவள் தம்பியின் கையை விட்டுவிட்டாள். அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நோட்டீஸைக் கடைசியாக ஒருமுறை மடித்து விரித்துப் பார்த்ததை அவள் கவனித்தாளா என்று தெரியாது. நான் கவனித்தேன். இதுவரை அவரை ஓயாமல் பேசுகிறவர் என்று மட்டுமே மதிப்பிட்டிருந்தேன்.

கடைவீதியில் ஒரு பாத்திரக் கடை வாசலில் பேர் வெட்டுகிறவர் உட்கார்ந்திருந்தார். விளக்கை மடியில் கிடத்திக்கொண்டு அவர் வழக்கம்போல என்னைத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

“யாரு பேருங்க?”

நான் சொன்னேன். ஒரே நாளில் இரண்டாம் முறை; இம்முறை தாழ்ந்த குரலில். தெரு இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. காதில் கை வைத்தார். மைத்துனர், “இன்னும் சத்தமா மாமா, மண்டபத்துல போட்ட மாதிரி!” என்றார்.

“எழுதிக் குடுத்துருங்க சார்,” என்று அந்த மனிதர் ஒரு பேனாவை நீட்டினார். “விளக்கு மேலேயே எழுதுங்க. அதும்மேலயே உளி ஓட்டிடுவேன். இனிஷியல் உண்டா?”

முறைப்படி அதற்கு விடை நான் சொல்ல வேண்டியது. இத்தனை வருடங்களில் எத்தனையோ விண்ணப்பங்களில் அவள் பெயரை எழுதியிருக்கிறேன். ‘திருமதி’ என்று தொடங்கி என் பெயரில் முடியாமல் ஒருமுறையும் எழுதியதில்லை. அவளைப் பார்த்தேன்.

“இனிஷியல் வேண்டாங்க,” என்றாள். “அப்பாவோடதும் வேண்டாம், ஒங்களோடதும் வேண்டாம். கோவிச்சுக்காதீங்க.”

கோபித்துக்கொள்ளவில்லை. முதலெழுத்து இல்லாத பெயர் சட்டப்படி நிறைவுடையதன்று என்ற கருத்து எனக்கு உண்டு. அதை அங்கே சொல்லவில்லை. விளக்கின் அடித்தட்டு வளைவாக இருந்தது. அதைத் தொடையில் ஊன்றிக்கொண்டு, நடுத்தெருவில், போகிறவர் வருகிறவர் பார்க்க, குந்தி உட்கார்ந்து அவள் பெயரை எழுதினேன். கரும்பலகையில் எழுதுவது போல ஒவ்வோர் எழுத்தாக, நின்று நின்று. வளைவில் கடைசி எழுத்து சற்றே மேலேறிவிட்டது.

“மாமா ஆட்டோகிராப்புக்கு என்ன ரேட்டுன்னு அந்தத் திருச்சிக்காரரக் கேட்டுட்டு வரவா?” என்றார் மைத்துனர்.

“வாய மூடுடா,” என்றாள் அவர் அக்கா.

பேர் வெட்டுகிறவர் விளக்கை வாங்கி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். “கடைசி எழுத்து மேல போயிருக்குதே. நான் நேர் பண்ணிக்கிறேன் சார்.”

“வேண்டாங்க,” என்று என் மனைவி குனிந்தாள். “அவரு எழுதுனது எப்படியோ அப்படியே வெட்டுங்க.”

அவர் சுத்தியலை எடுத்தார். நான் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, எதிர்ப்பக்கம் போகும் பேருந்துகளைப் பார்த்தபடி நின்றேன். ஒவ்வோர் எழுத்தும் முடியும்போது அவள் அதை மெல்ல வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.